பதினைந்தாவது ஆள்

இதயத்தில் கோளாறு என்று சொன்ன டாக்டர் என்னை முதலில் அனுப்பியது பல் டாக்டரிடம். இதைச் சொன்னால் இப்போதும் ஆட்கள் சிரிக்கிறார்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கி, கிளினிக் வாங்குப் பலகையில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பல்லால் எனக்கு வந்த சோதனையையும், அதிலிருந்து என்னைக் கரையேற்றிய ஆட்களையும் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் மட்டக்களப்புப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பாலர் பாடசாலை ஆசிரியை. பெயர் வசந்தி. சின்னப் பிள்ளைகளோடு ஆடிப் பாடி, தொண்டை கிழியக் கத்திவிட்டு மத்தியானம் வீடு திரும்புகிற வேலை. என் நோயை முதலில் கண்டுபிடித்தவர்களும் அந்தப் பிள்ளைகள்தான். பாட்டின் நடுவில் நான் நிறுத்தி நிறுத்தி மூச்சு எடுக்க, முன்வரிசை வாயாடி ஒருத்தி, "டீச்சர், பாட்டு இன்னும் முடியல்ல" என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். நான் பழியை வயதின் மேல் போட்டேன். பிறகு இரத்தக் குறைவு என்றேன். மல்லாந்து படுத்தால் இருமல் வந்தது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தால்தான் நித்திரை என்று ஆனது. அதற்கும் வாடைக் காற்று என்று ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பக்கத்து வளவுக்காரி என் முகம் ஊதியிருப்பதைப் பார்த்து, "என்னகா, அபிநயாவுக்குத் தம்பியோ?" என்று கேட்டாள். அபிநயா என் ஒரே மகள், பாடசாலையில் உயர்தரம் படிக்கிறாள். அந்த வயதில் அவளுக்குத் தம்பி பிறந்தால் வீட்டை விட்டே ஓடிவிடுவாள்.

கடைசியில் என் கணவர் குகன்தான் ஒரு பின்னேரம் சைக்கிளில் இருந்து இறங்கிய கையோடு, "உன்ட கதை கேட்டது காணும். நாளைக்குக் கிளினிக்" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. பேசிவிட்டால் அதற்கு மேல் கதையில்லை.

மட்டக்களப்பில் அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள். இதயத்தை ஒலியால் படம் பிடிக்கிற சோதனை அது. இருட்டறையில் இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொல்லி, நெஞ்சில் குளிர்ந்த களியைப் பூசி, ஒரு கருவியை அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள். நோகாது. திரையில் என் இதயம் துள்ளுவதை நானே பார்த்தேன். எனக்கு அது நன்றாகத்தான் துள்ளுவதாகத் தெரிந்தது. டாக்டர் ஒரு இளம்பெண். நிமிர்ந்து பார்க்காமல் ஒரே இடத்தையே அளந்துகொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

பிறகு அவர் ஒரு தாளில் படம் கீறி விளக்கினார். இதயத்துக்குள் நான்கு அறைகள். அறைக்கும் அறைக்கும் நடுவே கதவு போல ஒரு வால்வு. என் இடப்பக்க வால்வு தடித்து விறைத்துப்போயிருந்தது. ஒழுங்காகத் திறக்கவும் இல்லை, ஒழுங்காக மூடவும் இல்லை. முன்னால் போக வேண்டிய இரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது. இருமலும் இளைப்பும் அதனால்தான். சின்ன வயதில் தொண்டை நோவோடு காய்ச்சல் வந்து மூட்டுகள் வீங்கியதுண்டா என்று கேட்டார். வந்தது. நாங்கள் இடம்பெயர்ந்து பாடசாலைக் கட்டடம் ஒன்றில் படுத்திருந்த காலம் அது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்த நேரத்தில் தொண்டை நோவுக்கு யார் மருந்து தேடுவார்கள்? அந்தக் காய்ச்சல் இத்தனை வருடம் என் நெஞ்சுக்குள் ஒளிந்திருந்திருக்கிறது.

"பலூன் போட்டு விரிக்கிற கட்டத்தைத் தாண்டியிற்று. வால்வை மாத்தத்தான் வேணும்," என்றார் டாக்டர். "அரசாங்கத்தில இலவசமாச் செய்வாங்க, கொழும்பில. உங்கட பேரைப் போட்டு விடுறன். ஆனா அங்க நிறைய ஆக்கள் காத்திருக்காங்க. எப்ப கூப்பிடுவாங்க எண்டு என்னால சொல்ல ஏலாது. உங்களுக்குக் கனக்கப் பொறுக்க நேரமும் இல்ல. காப்புறுதி ஏதும் இருக்கா?"

குகன் பர்ஸைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். கொம்பனி கொடுத்த காப்புறுதி அட்டை. அதுவரை அதை நாங்கள் ஒருமுறைகூட வெளியே எடுத்ததில்லை. அதன் மேல் ஒட்டியிருந்த பஸ் டிக்கட்டை உரித்துவிட்டுத்தான் டாக்டரிடம் கொடுத்தார்.

இந்த அட்டையின் கதையைச் சொல்ல வேண்டும். குகன் வேலை செய்வது ஒரு தனியார் கொம்பனியில். வாவியிலும் கடலிலும் பிடிபடுகிற நண்டையும் இறாலையும் வாங்கி, சுத்தம் செய்து, உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். குளிர் அறைகளின் இயந்திரங்களெல்லாம் குகன் பொறுப்பு. கெட்டிக்காரத் தொழிலாளி. ஆனால் அந்த வேலையை அவர் மனமாரச் செய்து நான் பார்த்ததில்லை. இயந்திரத்தை நிறுத்திப் பழுது பார்க்க விடமாட்டார்கள், பழுதானால் ஏசுவார்கள். களுவாஞ்சிக்குடியில் ஒரு கடையறை எடுத்து, குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற சொந்தத் தொழில் தொடங்க வேண்டும் என்பது அவரது நீண்ட நாள் ஆசை. கடைக்காரரோடு வாய்ப்பேச்சுக்கூட முடிந்திருந்தது.

ஆசை ஏன் பேச்சோடு நின்றது என்றால், வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். எனக்கு என் பெற்றோர் தந்த ஓட்டு வீட்டுக்குத்தான் குகனும் ஒரு சூட்கேசோடு வந்து சேர்ந்தார். அபிநயா பெரிய பிள்ளை ஆனதும், ஊரில் எல்லோரும் செய்வதைப் போல நாங்களும் அவளுக்கென்று வளவின் முன்பக்கம் ஒரு கல்வீடு எழுப்பி, அவள் கல்யாணம் வரை நாங்களே அதில் குடியேறினோம். வங்கியில் நீண்டகால வீட்டுக் கடன். குகன் ஓய்வு பெறுகிற வயது வரை மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள். கடன் கட்டி முடிகிற நேரம் அந்த வீட்டில் மகளும் மருமகனும் இருப்பார்கள், நாங்கள் மறுபடி பின்னால் பழைய வீட்டுக்குப் போய்விடுவோம். இப்படி ஒரு கணக்கில் ஒரு மனிதனின் உழைக்கிற வயது முழுவதும் முடிந்துபோகிறதே என்று யாருமே யோசிப்பதில்லை. மாப்பிள்ளை கேட்டு வருகிறவர்களும் "நிரந்தர வேலையா?" என்றுதான் கேட்கிறார்கள், "விருப்பமான வேலையா?" என்று கேட்பதில்லை.

எக்கோ எடுத்த அன்று பின்னேரம் குகன் வாசலில் நின்று கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணன், நான் வரல்ல. நீங்க வேற ஆளுக்குக் குடுங்க." அவ்வளவுதான். உள்ளே வந்து தேத்தண்ணி கேட்டார். நான் போட்டுக் கொடுத்தேன். அட்டை இருப்பது கொம்பனியில் அவர் இருக்கும்வரைதான் என்பது இருவருக்கும் தெரியும்.

இனிப் பல்லுக்கு வருகிறேன். வால்வு மாற்றுவதற்கு முன் வாயில் சொத்தைப் பல் இருக்கக் கூடாதாம். பல்லில் உள்ள கிருமி இரத்தத்தில் கலந்து புது வால்வில் போய்க் குடியேறிவிடும். எனக்கோ கடைவாயில் இரண்டு பல் உளுத்துப்போயிருந்தன. அவற்றைப் பிடுங்கி, ஈறு ஆற, அதற்கிடையில் இரத்தமும் குறைவு என்று மருந்து தர, கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குக் குறித்த நாள் சித்திரை வருடப்பிறப்பைத் தாண்டிப் போய்விட்டது.

அதில் என்ன என்று நினைத்தேன். குகன் ஒரு நாள் முகம் இருண்டு வந்து, கழற்றிய சட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"என்ன முகம் இப்பிடிக் கிடக்கு?"

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாத முகமா இது? சொல்லுங்க. நான் நெஞ்சு வெடிச்சுச் சாகிறதுக்கு முதல் சொல்லுங்க."

சொன்னார். அவர்களுடையது குழுக் காப்புறுதி. தனித்தனியாக எடுப்பதில்லை, கொம்பனியின் நிரந்தர ஊழியர் எல்லோரையும் ஒரு குழுவாக எடுத்து, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கிற நாளில் குறைந்தது பதினைந்து பேர் இருக்க வேண்டும். குறைந்தால் குழு இல்லை, அட்டையும் இல்லை. அந்த நாள் சித்திரையில் வருகிறது. இறால் உரிக்கிற பெண்கள் எத்தனையோ பேர் அங்கே வேலை செய்கிறார்கள், ஆனால் அவர்கள் நாட்கூலி. எண்ணிக்கையில் சேர மாட்டார்கள். நிரந்தர ஆட்கள் சரியாகப் பதினைந்து.

"சரிதானே. மறுகா என்ன?"

"றிஸ்வானுக்குக் கட்டார் விசா வந்திற்று. வருசப்பிறப்புக்கு முதல் போறானாம்."

றிஸ்வான் காத்தான்குடிக்காரர், கொம்பனியின் குளிர் லொறி ஓட்டுகிறவர். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். காத்தான்குடியிலும் எங்களைப் போலத்தான், வீடு பெண்ணுக்கு. இரண்டு பெண் என்றால் இரண்டு வீடு. லொறிச் சம்பளத்தில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் மட்டும் போட்டுவிட்டு, வெளிநாடு போக வருடக்கணக்காக முயன்றுகொண்டிருந்தார். அவர் போனால் புது டிரைவர் ஒருவரை எடுப்பார்கள், ஆனால் அந்த ஆள் நிரந்தரமாவதற்குச் சில மாதம் செல்லும். உரிக்கிற பெண்களில் ஒருத்தியை நிரந்தரமாக்கலாமே என்று குகன் மனேஜரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். முதலாளி விடமாட்டார் என்று மனேஜர் கையை விரித்துவிட்டார். ஒரு பெண்ணை நிரந்தரமாக்கினால் மற்றப் பெண்களும் கேட்பார்களாம். கேட்கட்டுமே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பெண்களின் நெஞ்சு மட்டும் இரும்பிலா செய்தது?

வேறு காப்புறுதி எடுக்கலாமா என்று விசாரித்தோம். ஏற்கெனவே கண்டுபிடித்த நோய்க்குப் புதுக் காப்புறுதி செல்லாது. வீட்டை விற்கலாமா என்றால், காணி உறுதி வங்கியில் ஈடாகக் கிடக்கிறது. ஆக, ஒரு லொறி டிரைவர் விமானம் ஏறுகிறாரா இல்லையா என்பதில் என் உயிர் தொங்கியது. மாடிப்படி ஏற முடியாத, குனிந்து வாளி தூக்க முடியாத நிலையில் இருந்தேன். சாவைப் பற்றி நினைத்தபோதெல்லாம் அபிநயாவின் உயர்தரச் சோதனை முடியவில்லையே என்பதுதான் முதலில் வந்தது.

"இஞ்சேருங்க," என்றேன் குகனிடம். "அந்தத் தம்பியிட்ட இதக் கேட்டுராதேங்க."

"கேக்கமாட்டன். எந்த வாயால கேக்கிற?"

சொன்னது போலவே அவர் கேட்கவில்லை. லொறிக்கு ஐஸ் ஏற்றும்போது பக்கத்தில் நின்று கயிறு கட்டிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறார். ஆனால் நிரந்தரமாகப் பதினைந்தே பேர் வேலை செய்கிற இடத்தில் இந்தக் கணக்கு யாருக்குத்தான் தெரியாது?

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் றிஸ்வான் மனைவியோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் மஸ்கட் இனிப்புப் பெட்டி. அதற்கு முன் அவரை ஒரு கல்யாண வீட்டில் தூர நின்று கண்டதுதான். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, நான் கட்டாருக்கு இப்ப போறல்ல."

"ஏன் தம்பி?"

"அங்க இப்ப வெயில் துவங்கிற நேரமாம். கடும் வெயிலாம். ஆக்களுக்கு மண்டை வெடிக்கிதாம்."

சொல்லும்போது அவரது சட்டையில் வேர்வை உப்புப் பூத்திருந்தது. தினமும் தகரக் கூரை போட்ட லொறியில் மட்டக்களப்பு வெயில் முழுவதையும் தலையில் வாங்குகிற மனிதர் அவர். குகன் தன் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"விசா?"

"அது போகும். வேற வரும். வருசப்பிறப்புக் கழியட்டும், அந்தக் கையெழுத்தெல்லாம் முடியட்டும். மறுகா பாப்பம்."

அவர் மனைவி ஜெஸ்மின் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ஏஜென்சிக்காரன் நல்லா ஏசிட்டான் அக்கா. இவரு சிரிச்சிட்டு வந்துட்டாரு" என்றார். அதில் முறைப்பாடு இல்லை. தன் புருசனைப் பற்றி ஒரு நல்ல செய்தி சொல்வது போலத்தான் சொன்னார். நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல், சத்தம் போட்டு அழுதேன். "அழாதீங்கக்கா, இளைப்பு வந்துரும்" என்று றிஸ்வான் பதறி எழுந்தார். அந்தப் பதற்றத்தில்தான் அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

சித்திரையில் பதினைந்து பேரின் பெயரும் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த மாதம் நாங்கள் கொழும்புக்கு ரயில் ஏறினோம்.

ஒப்பரேசனைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது, நான் மயக்கத்தில் இருந்தேன். நெஞ்செலும்பை நடுவால் பிளந்து, இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை ஒரு இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, பழைய வால்வை வெட்டி உலோக வால்வைத் தைப்பார்கள். பிறகு எலும்பைக் கம்பியால் கட்டி மூடுவார்கள். முந்திய நாள் இதை விளக்கிக் கையெழுத்து வாங்கியபோது, குகனின் கையெழுத்து கோழி கிண்டியது போல இருந்தது. நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

கண் விழித்தபோது தொண்டையில் குழாய், பேச முடியாது. பேசாமல் நான் இருந்த மிக நீண்ட நேரம் அதுதான் என்று அபிநயா இன்றைக்கும் சொல்வாள். குழாய் எடுத்தபின் இருமச் சொன்னார்கள். இருமினால்தான் நுரையீரலில் சளி கட்டாது. பிளந்து தைத்த நெஞ்சோடு இருமுவது என்றால் என்னவென்று பட்டவருக்குத்தான் தெரியும். ஒரு தலையணையைத் தந்து நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருமு என்பார்கள். மாத்தறைப் பக்கத்துச் சிங்கள நர்ஸ் மிஸ்ஸி ஒருவர், தெரிந்த கொஞ்சத் தமிழில், "அக்கா கெட்டிக்காரி, இன்னும் ஒண்டு, இன்னும் ஒண்டு" என்று என் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். நான் பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது சொல்வதும் அதேதான். நோவுக்குள்ளும் அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அமைதியான நேரத்தில் நெஞ்சுக்குள் 'டிக், டிக்' என்று கேட்கும். உலோக வால்வு மூடுகிற சத்தம். முதலில் பக்கத்து மேசையில் கடிகாரம் இருக்கிறதாக்கும் என்று தேடினேன். குகன் காதை என் தோளருகே வைத்துக் கேட்டுவிட்டு, "கொம்ப்ரசர் நல்லா ஓடுது" என்றார். இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன மிக இனிமையான வார்த்தை அது.

அந்த நாட்களில் குகன் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டார். கொம்பனியில் இருந்து காசாளர் தவராசா தொலைபேசி எடுப்பார். நலம் விசாரிக்க அல்ல. லீவு முடிந்துவிட்டது, இனிச் சம்பளமில்லாத லீவுதான் என்று சொல்ல. சொன்னபடியே வெட்டினார். குகன் "ஓம் சேர், ஓம் சேர்" என்று வைத்துவிடுவார். எனக்கு அந்த மனிதரின் பெயரைக் கேட்டாலே நெஞ்சுத் தையல் இழுக்கும்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன நாள்தான் மிக நீண்ட நாள். சேலை உடுத்து, தலையை வாரி இழுத்து, பை கட்டிக் கட்டில் நுனியில் இருந்தோம். காப்புறுதிக் கந்தோரில் இருந்து ஒப்புதல் வரும்வரை விடமாட்டார்கள். மத்தியானம் ஆனது, வரவில்லை. பக்கத்துக் கட்டில் ஆட்கள் மாறினார்கள். அட்டை தாங்குகிற உச்சவரம்புக்கு மேலே போனதை நாங்கள் கட்ட வேண்டும் என்றார்கள். குகனின் அக்கா அனுப்பி வைத்திருந்த காசைக் கட்டினோம். பொழுது சாய்கிற நேரம் ஒப்புதல் வந்தது. இனிக் கொழும்புக்கு இப்படி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அன்றைக்குக் காலையில் சேலை உடுத்தாதீர்கள். பின்னேரம் உடுத்தால் போதும்.

ஊர் திரும்பினேன். அபிநயா சமையல் பழகியிருந்தாள். உப்பு மட்டும் இன்னும் பழகவில்லை. உலோக வால்வில் இரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுவதும் ஒரு குளிசை. அது கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று மாதாமாதம் இரத்தச் சோதனை. இரண்டும் மட்டக்களப்பு அரசாங்கக் கிளினிக்கில் இலவசம். கிரானில் இருந்து வயல்காரர்கள், ஏறாவூரில் இருந்து நெசவுப் பெண்கள் என்று எல்லோரும் ஒரே வாங்கில் இருப்போம். கீரையை ஒரு நாள் அதிகம், ஒரு நாள் இல்லை என்று சாப்பிடக் கூடாது, ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும் என்று மிஸ்ஸி ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் அலுக்காமல் சொல்வார். ஒரு சதம் வாங்காமல் இவ்வளவு பொறுமையாக ஒரு வேலை நடப்பதை நான் அதிசயத்தோடுதான் பார்க்கிறேன்.

அந்த வாங்கில்தான் எனக்கு யோசனை வந்தது. இனி என் உயிருக்கு அட்டை தேவையில்லை, இந்தக் கிளினிக் போதும். குகனைக் கொம்பனியில் கட்டி வைத்திருப்பது இனி வீட்டுக் கடன் மட்டும்தான். வீடு யாருடையது? என்னுடையது. எங்கள் வழக்கப்படி அதில் முடிவு சொல்ல வேண்டியவள் நான்.

"வீட்ட வாடகைக்குக் குடுப்பம்," என்றேன். "நாங்க பின்னுக்கு ஓட்டு வீட்டுக்குப் போவம். வாடகை கடனுக்குப் போகட்டும். நீங்க கடையத் துவங்குங்க."

குகன் திகைத்துப்போனார். மகளுக்குக் கட்டிய வீட்டில் மகள் குடியேறுவதற்கு முன் வேற்றாட்களை ஏற்றுவதா? ஊர் என்ன சொல்லும்? ஊர் சொல்லத்தான் செய்தது. "புள்ளைக்குக் கட்டின குசினியில ஆரோ சமைக்கிறாங்களாம்" என்று என் காதுபடவே பேசினார்கள். அபிநயாவைக் கேட்டேன். "அம்மா, நான் இன்னும் சோதினையே எழுதல்ல. எனக்கு எதுக்கு இப்ப வீடு? அப்பாவ விடுங்க" என்றாள். களுவாஞ்சிக்குடிக்கு மாற்றலாகி வந்த உத்தியோகத்தர் குடும்பம் ஒன்று தை மாதத்தில் குடிவருவதாகப் பேசி முடித்தோம். குகன் மெல்ல மெல்ல முகம் தெளிந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்னும் காலியாகக் கிடந்த அந்தக் கடையறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எந்தச் சுவரில் எந்தக் கருவி என்று எனக்குக் கையால் காட்டினார். றிஸ்வானும் வேறு விசா கிடைத்துக் கட்டார் போயிருந்தார். முந்தியதை விடச் சம்பளம் குறைந்த வேலை என்று ஜெஸ்மின் சொன்னார். அவர் இடத்துக்கு வந்த டிரைவர் நிரந்தரமாகிவிட்டதால் எண்ணிக்கை மறுபடி பதினைந்து.

மார்கழியில் தவராசாவுக்கு நெஞ்சுவலி வந்தது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மூன்றில் அடைப்பு. காலில் இருந்து இரத்த நாளம் எடுத்து அடைப்பைச் சுற்றிப் புதுவழி போடுகிற ஒப்பரேசன் வேண்டும். அவருக்குச் சர்க்கரை ஏறிக்கிடந்ததால் அதைக் குறைத்த பிறகே செய்யலாம் என்று நாள் தள்ளிப்போனது. எங்கே தள்ளிப்போனது? சித்திரைக்கு அப்பால். குகன் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் செருப்பின் வாரைச் சரிசெய்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"அந்தாளுக்காகவா?" என்றேன். "உங்கட லீவ வெட்டின மனுசனுக்காகவா?"

"ஓம்."

"ஒரு நாள் என்ன எட்டிப் பாத்தவரா?"

"இல்ல."

"அவர் உங்களிட்டக் கேட்டவரா?"

"கேக்கல்ல. கேக்கவும் மாட்டார்."

"மறுகா ஏன்?"

குகன் நிமிர்ந்தார். "றிஸ்வான் உனக்காக நிண்டது நீ நல்லவள் எண்டதாலயா? அவன் உன்ன அதுக்கு முதல் ஒருக்காத்தான் கண்டவன். ஒரு ஆள் குறையுது எண்டு தெரிஞ்சிச்சு, நிண்டான். அவ்வளவுதான். இப்ப அந்தப் பதினஞ்சாவது ஆள் நான்."

உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டு எடுத்து வந்து, "சித்திரை மட்டுந்தானே?" என்று கேட்டேன். "அதுக்குள்ள வேற ஆருக்கும் ஒண்டும் வரக்கூடாது எண்டு நேந்துக்க" என்றார். பின்பு ஒரு நாள் தவராசாவின் மனைவி பயந்துபோய் வாசலில் வந்து நின்றபோது, கூப்பிட்டு இருத்தி, இருமுவதற்குத் தலையணை பிடிக்கிற விதத்தையும், வீடு திரும்புகிற நாளில் சேலை உடுத்த வேண்டிய நேரத்தையும் சொல்லிக் கொடுத்தேன். அவர் என் கையை விடவே இல்லை.

வாடகை ஆட்களைத் தள்ளிப்போடலாமா என்று குகன் கேட்டார். வேண்டாம் என்றேன். தையில் அவர்கள் லொறியில் சாமான் கொண்டுவந்து இறக்கினார்கள். நாங்கள் பழைய வீட்டைக் கழுவி, கிணற்றடிப் பாசியைத் தேய்த்து, பாலைக் காய்ச்சிக் குடியேறினோம். அந்த மாதத்துக் கடன் வாடகையில் இருந்து போனது.

மறுநாள் காலை குகன் எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல் படலையடிக்குப் போனார். அவரை நினைக்க எனக்குப் பெருமையாக இருந்தது. வாய் திறந்து சொன்னேன். "போடி விசரி" என்றுவிட்டு ஏறி மிதித்தார். கல்யாணம் முடித்த நாளில் இருந்து, போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாமல் அவர் வேலைக்குப் போனது அன்றைக்குத்தான்.